நிஷி கசாய் பக்கம் வீடு தேடுகிறீர்களா? முதலில் ஸ்டேஷனைப் பாருங்கள்

டோக்கியோவில் வேலை கிடைத்து வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி கசாயில் (டோக்கியோவின் கிழக்கே எதோகாவா வட்டாரம்) வாடகை எவ்வளவு என்றுதான். வாடகை இருக்கட்டும். அந்த ஸ்டேஷனில் எந்த ரயில் நிற்கும், காலையில் அதில் உங்களால் ஏற முடியுமா, இரண்டையும் முதலில் பாருங்கள். வீட்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் முன்பணம், புரோக்கர் கமிஷன் என்று ஒரு தொகை போய்விடும்.

நம் ஊர்க்காரர்கள் ஏன் இங்கே சேர்ந்தார்கள் என்பதற்கே ரயில்தான் பாதிக் காரணம். 2000-ஐ ஒட்டி ஒய்டூகே வேலைக்காக, அதாவது கணினிகளில் 2000-ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்திய மென்பொருள் ஆட்களுக்கு அலுவலகம் பெரும்பாலும் கயபாச்சோ, நிஹொம்பாஷி, ஒதெமாச்சி பக்கம். நிஷி கசாய் வழியே போகும் தோசாய் மெட்ரோ லைனில் ஏறினால் வண்டி மாறாமல் நேராகப் போய் இறங்கலாம். இன்னொரு காரணம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்த யூஆர் (அரசு சார்ந்த அமைப்பு) வாடகைக் குடியிருப்புகள். வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் திரும்பி வராத ‘ரெய்கின்’ பணம் கிடையாது, புரோக்கர் கமிஷன் கிடையாது, ஜப்பானியர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. புதிதாக வந்தவருக்கு வேறென்ன வேண்டும்? இன்றைக்கும் நான் முதலில் யூஆரைப் பார்க்கத்தான் சொல்வேன். குறைந்தபட்ச வருமானம் இவ்வளவு என்று காட்ட வேண்டும், கட்டடங்கள் கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்.

சரி, ரயிலுக்கு வருவோம். நிஷி கசாயில் நிற்பது பெரும்பாலும் சாதாரண ரயில்தான், வார நாள் காலையில் நகரத்துக்குப் போகும் ‘ட்சூகின் கைசொகு’வும் நிற்கும். வெறும் ‘கைசொகு’ என்று எழுதிய விரைவு ரயில் தோயோச்சோவை விட்டால் உராயசுவில்தான் நிற்கும், நடுவில் மினாமி சுனாமாச்சி, நிஷி கசாய், கசாய் மூன்றையும் தாண்டிப் போய்விடும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதால் வேலை முடிந்த அசதியில் வந்த வண்டியில் ஏறிவிட்டு ஆறு தாண்டிச் சீபா மாவட்டத்தில் போய் இறங்குகிறவர்கள் உண்டு. ஒன்றும் ஆகாது, எதிர் பிளாட்பாரத்தில் சாதாரண ரயில் பிடித்தால் இரண்டாவது ஸ்டேஷன்.

அப்படியானால் உராயசுவிலேயே வீடு பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம். ஆனால் காலைக் கூட்டத்தையும் கணக்கில் சேருங்கள். 2019-இல் கிபாவுக்கும் மோன்ஸென் நகாச்சோவுக்கும் இடையே காலை நெரிசல் ரயிலின் கொள்ளளவில் 199 சதவீதம், டோக்கியோவிலேயே அதுதான் மோசம். கொரோனாவுக்குப் பிறகு 150-ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது, இருந்தாலும் எட்டு மணிக்கு முதுகில் பை மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள், முன்பக்கம் மாட்டுங்கள். மேனேஜரிடம் பேசி ஒன்பதரைக்குப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம், இங்கே பல அலுவலகங்களில் அது வழக்கம்தான். பெண்களுக்கு மட்டுமான பெட்டி வார நாட்களில் காலையில் உண்டு, எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத் தரையிலேயே எழுதியிருக்கும். கர்ப்பிணிகள் ஸ்டேஷன் அலுவலகத்தில் கேட்டால் பையில் தொங்கவிடும் அடையாளம் இலவசமாகவே தருவார்கள்.

விளம்பரத்தில் ‘ஸ்டேஷனிலிருந்து நடந்து பத்து நிமிடம்’ என்றால், நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று விதிப்படி போட்ட கணக்கு அது. சிக்னலில் நிற்பதும், குழந்தையை இழுத்துக்கொண்டு நடப்பதும் அதில் வராது. ஆகவே ஒரு முறை நீங்களே நடந்து பாருங்கள், முடிந்தால் மழை நாளில். சைக்கிள் வாங்கினால் கடையிலேயே திருட்டுத் தடுப்புப் பதிவு செய்துவிடுங்கள், அது கட்டாயம். ஸ்டேஷன் வாசலில் கண்ட இடத்தில் நிறுத்தினால் தூக்கிப் போய்விடுவார்கள், அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். கசாய் ஸ்டேஷனுக்குக் கீழே இயந்திரமே சைக்கிளை எடுத்து வைக்கும் நிலத்தடி நிறுத்துமிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டலாம், அங்கேயே மெட்ரோ அருங்காட்சியகமும் உண்டு.

மாதப் பாஸ் பற்றி. பெரும்பாலும் கம்பெனி பணம் தந்துவிடும். ஆறு மாதப் பாஸ் மலிவுதான், ஆனால் வீடு நிலையாகும் வரை ஒரு மாதப் பாஸே போதும், ஏனென்றால் நடுவில் திருப்பிக் கொடுத்தால் மாதக் கணக்கில்தான் கழிப்பார்கள், ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதம் போச்சு. உங்கள் பெயர் பதிந்த பாஸ்மோ ரயில் கார்டில் ஏற்றிக்கொண்டால் தொலைந்தாலும் மறுபடி வாங்கலாம். பாஸ் இருக்கும் தூரத்துக்குள் எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் தனிக் காசு இல்லை, ஞாயிற்றுக்கிழமை சுற்றுவதற்கு நல்லது.

அப்புறம் காற்றும் வெள்ளமும். மினாமி சுனாமாச்சிக்கும் நிஷி கசாய்க்கும் நடுவே ரயில் நிலத்தடியிலிருந்து வெளியே வந்து ஆரகாவா ஆற்றுப் பாலத்தில் ஏறும். 1978 பிப்ரவரியில் அங்கே சுழல்காற்றில் (டொர்னேடோ) பெட்டிகள் கவிழ்ந்திருக்கின்றன, அதனால் பலத்த காற்று என்றால் வண்டியை மெதுவாக்குவார்கள், நிறுத்தியும் விடுவார்கள். தாமதத்துக்குச் சான்றிதழ் கேட் பக்கம் கொடுப்பார்கள், இணையத்திலும் எடுக்கலாம், அலுவலகத்தில் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். எதோகாவா வட்டாரத்தில் சுமார் 70 சதவீத நிலம் கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பது. வட்டார அலுவலகத்தில் முகவரி பதியப் போகும்போதே வெள்ள வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள், ஆங்கிலத்திலும் உண்டு. தரைத்தளத்து வீடு வாடகை குறைவாக வந்தால் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.