கிரிமினாலஜி பிஜி போலாமா? வீட்ல எஸ்ஐ ஆகிடுவியான்னு கேக்காங்க

குற்றாலச்சாரல்:
வணக்கம். பிஎஸ்சி சைக்காலஜி கடைசி வருஷம், ஊரு தென்காசி பக்கம். கிரிமினாலஜில பிஜி பண்ண ஆசை, நெல்லை மனோன்மணியமா மெட்ராஸ் யுனிவர்சிட்டியான்னு யோசிச்சிட்டு இருக்கேன். அப்பா "அது படிச்சா எஸ்ஐ ஆகிடுவியா"ங்காரு, மாமா கைரேகை டிஎன்ஏன்னு என்னமோ சொல்லுதாரு, எனக்கே குழம்பிருச்சு. உள்ள என்னதான் சொல்லித்தருவாங்க, முடிச்சா வேலை இருக்கா? படிச்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பாளைக்காரன்:
மொதல்ல மாமாட்ட சொல்லிரும்மா, கைரேகை டிஎன்ஏ எல்லாம் பாரன்சிக் சயின்ஸ், அது வேற கோர்ஸ். நம்மது ஒருத்தன் ஏன் தப்பு பண்றான், திருத்த முடியுமா, போலீஸ் கோர்ட்டு ஜெயில் மூணும் நெசமா எப்படி ஓடுதுன்னு பாக்குற படிப்பு. லொம்ப்ரோசோன்னு இத்தாலி டாக்டர் ஒருத்தர் வருவாரு, 1876ல புக் போட்டாரு, தாடை காது நெத்திய வச்சே பிறவிக் குற்றவாளிய கண்டுபிடிச்சிரலாம்னு. கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சோம், ஒருத்தன் காத ஒருத்தன் பாத்து. அடுத்த வாரம் குற்றப் பரம்பரைச் சட்டம் நடத்துனாங்க. அது 1871, அந்த புக்குக்கும் அஞ்சு வருஷம் முன்னாடி, இன்ன சாதில பொறந்தாலே திருடன்னு பேரு பதிஞ்சு, பின்னாடி ரேகையும் எடுத்து, ராத்திரி ஸ்டேஷன்ல வந்து படுக்கணும்னு வச்சிருந்தாங்க, அத எதிர்த்தவங்கள 1920ல உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல போலீஸ் சுட்டுக் கொன்னாங்க. எங்க செட்ல உசிலம்பட்டி பையன் ஒருத்தன் இருந்தான், அவங்க வீட்டுப் பெரியவங்க சொன்னத எந்திரிச்சு சொன்னான் பாரு, அன்னிக்கு யாரும் சிரிக்கல. எனக்கு அந்தப் படிப்பு பிடிச்சது அன்னிக்குத்தான்.

அப்புறம் விக்டிமாலஜி, அடிபட்டவன் பக்கத்துலருந்து பாக்குறது, அது நல்லாருக்கும். சைபர் பக்கம் ஆர்வம் இருந்தா நெல்லைதான், சைபர் கிரிமினாலஜிக்குன்னு 2007ல ஒரு சர்வதேச ஜர்னலே இங்கருந்துதான் ஆரம்பிச்சாங்க.

ரெண்டுவருஷம்காத்தவன்:
அண்ணன் நல்லத மட்டும் சொல்லிட்டாரு, நான் வேலைய சொல்றேன். எஸ்ஐ எக்ஸாமுக்கு எந்த டிகிரியா இருந்தாலும் போதும், அதுக்காக இத படிக்க வேணாம்னு அப்பாட்ட சொல்லிடுங்க. நான் முடிச்சு ரெண்டு வருஷம் சும்மா இருந்தேன், இண்டர்வியூல ஒரு ஹெச்ஆர் "ஓ, துப்பறியும் படிப்பா"ன்னு கேட்டாங்க, வேலையும் தரல. இப்ப மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கான்ட்ராக்ட்ல இருக்கேன், சம்பளம் பெருசா இல்ல, ஆனா கூர்நோக்கு இல்லத்துல, அதான் கேஸ்ல மாட்டுன சின்னப் பசங்கள வைக்கிற எடத்துல, அவங்களோட உக்காந்து பேசுறப்போ படிச்சது கைகொடுக்குது, உங்களுக்கு சைக்காலஜி வேற இருக்கு. நன்னடத்தை அலுவலர், உதவி ஜெயிலர் போஸ்டுக்கு டிஎன்பிஎஸ்சி எப்பவாச்சும்தான் கூப்பிடும், நோட்டிபிகேஷன்ல தகுதிய ஒரு தடவைக்கு ரெண்டு தடவ படிங்க. காலேஜ் வாத்தியார் வேலை ஆசைன்னா யுஜிசி நெட் எக்ஸாம்ல கிரிமினாலஜி தனி சப்ஜெக்ட்டாவே இருக்கு.

கறுப்புகோட்டு:
ஒண்ணே ஒண்ணு பாப்பா, சீனியர்ட்ட பழைய சட்ட நோட்ஸ் வாங்கிடாத. 2024 ஜூலை 1லருந்து ஐபிசிங்கிற பழைய தண்டனைச் சட்டம் போயி பிஎன்எஸ், அதான் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு, கொலைக்கு செக்ஷன் 302 இல்ல 103, ஏமாத்துறதுக்கு 420 இல்ல 318. கோர்ட்ல நாங்களே இன்னும் வாய் தவறி பழச சொல்லிட்டுத்தான் இருக்கோம்.

குற்றாலச்சாரல்:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். அப்பாட்ட எஸ்ஐ மேட்டர சொன்னேன், "அப்ப எதுக்குட்டி படிக்க"ன்னு அடுத்த கேள்வி வந்துருச்சு 😅 பாளைக்காரன் அண்ணா, கணக்கு நிறைய வருமா? ஜெயிலுக்கு கூட்டிட்டு போவாங்களா?

பாளைக்காரன்:
ஸ்டாடிஸ்டிக்ஸ் உண்டு, ரிசர்ச் மெத்தட்ஸ்ல வரும், நீ சைக்காலஜில பாத்ததுதான். என்சிஆர்பி, அதான் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் போடுற ரிப்போர்ட்ட எப்படி படிக்கணும்னும் சொல்லித்தருவாங்க, ஒரு மாநிலத்துல கேஸ் கூடுனா குத்தம் கூடிருச்சுன்னு அர்த்தமில்ல, ஜனங்க தைரியமா புகார் குடுக்குறாங்கன்னும் இருக்கலாம், இத டிவில பேசுறவங்களுக்கும் யாராச்சும் நடத்துனா தேவல. ஜெயிலுக்கு எங்கள பாளையங்கோட்டை சென்ட்ரலுக்கு கூட்டிட்டு போனாங்க, செல்போன வாசல்லயே வாங்கி வச்சிருவாங்க. அப்பாவ ஒரு நாள் மனோன்மணியம் யுனிவர்சிட்டி அபிஷேகப்பட்டி கேம்பஸுக்கு கூட்டிட்டு வாம்மா, டிபார்ட்மென்ட்ல நேரா பேசட்டும்.