தோல் ஜாக்கெட்டுக்கு எந்த உள்துணி ஏற்றது?

கேள்வி:
வணக்கம். சென்னை பெரியமேட்டில் 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள கறுப்பு நிறச் செம்மறியாட்டுத் தோல் வாங்கி, எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேன். பெங்களூருவில் அதிகாலைக் குளிரில் பைக்கில் வேலைக்குச் செல்லும்போது அணிவதற்காகத் தைப்பது இது. மாலையில் வியர்வையோடு அதையே அணிந்து திரும்ப வேண்டியிருக்கும். கடைக்காரர் பாலியஸ்டர் டஃபேட்டாவை (நெருக்கமாக நெய்த மெல்லிய துணி) சொல்கிறார், வீட்டில் பருத்தியே நல்லது என்கிறார்கள், எனக்கோ சாட்டினின் பளபளப்பு பிடித்திருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில் 1:
உடற்பகுதிக்கும் கைகளுக்கும் தேவை வேறு வேறு என்பதிலிருந்து தொடங்குங்கள். பருத்தி உடலுக்கு இதமானதுதான். ஆனால் கைகளுக்குள் அதை வைத்தால், ஜாக்கெட்டை அணியும்போது சட்டையின் முழுக்கை அதில் பற்றிக்கொண்டு முழங்கை வரை சுருண்டு ஏறிவிடும். கைகளுக்கு வழுக்கும் துணி கட்டாயம் தேவை. சாட்டினின் பளபளப்புக்குக் காரணமே மேற்பரப்பில் நீளமாக மிதக்கும் நூல்கள்தான். கைக்கடிகாரமோ ஜிப்பின் முனையோ உரசினால் முதலில் இழுபடுபவையும் அவையே. நான் உங்கள் இடத்தில் இருந்தால் விஸ்கோஸ் ட்வில் துணியை, அதாவது மரக்கூழிலிருந்து எடுத்த இழையில் சாய்வரி நெசவாக நெய்த வழுக்கும் துணியை, முழு ஜாக்கெட்டுக்கும் வைப்பேன். உடற்பகுதிக்குப் பருத்திதான் வேண்டுமென்றால் மெல்லிய பாப்ளின் போதும். பைகளுக்கு மட்டும் எப்படியும் கெட்டியான பருத்தித் துணியே சரி, ஏனெனில் சாவிக்கொத்தின் உராய்வை விஸ்கோஸ் நெடுநாள் தாங்காது.

பதில் 2:
மேலே சொன்னதை வியர்வையின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். வழக்கமான ஆய்வுக்கூடச் சூழலில், 100 கிராம் உலர்ந்த விஸ்கோஸ் காற்றிலிருந்து 11 முதல் 13 கிராம் வரை ஈரத்தை ஏற்கிறது, பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஏற்கிறது, பாலியஸ்டரோ 0.4 கிராம் அளவில் நின்றுவிடுகிறது. தோல் ஜாக்கெட்டைச் சட்டையைப் போல அடிக்கடி துவைக்க முடியாது என்பதால், வியர்வையும் அதன் உப்பும் தோலுக்குள் இறங்குவதற்கு முன் அவற்றை வாங்கிக்கொள்ளும் துணி வேண்டும். அதனால்தான், விலை குறைவாக இருந்தாலும், பாலியஸ்டரை உங்கள் தேவைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விஸ்கோஸிலும் ஒரு குறை உண்டு: நனைந்தால் அதன் வலிமை பெருமளவு குறையும். ஆகவே அக்குளில் தையலுக்குத் தாராளமாகத் துணி விட்டு, இரட்டைத் தையல் போடுங்கள். கறுப்புத் தோலின் உட்புறத்திலிருந்து சாயமும் தூசியும் உதிரக்கூடும் என்பதால் வெளிர் நிறங்களைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அடர்நீல விஸ்கோஸ் ட்வில்லையே வாங்கப்போகிறேன். தைக்கும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
விஸ்கோஸ் சுருங்கும் துணி. வெட்டுவதற்கு முன்பே நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள், ஏனெனில் தோலுடன் இணைத்த பிறகு நீராவி இஸ்திரியை அருகில் கொண்டுபோகக் கூடாது. முதுகின் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு தளர்வு மடிப்பு வையுங்கள். பைக்கின் கைப்பிடியை எட்டிப் பிடிக்கும்போது விரிய இடமில்லாவிட்டால் முதலில் கிழிவது உள்துணிதான். தோலில் விழும் ஊசித்துளை மறையாது. குண்டூசிக்குப் பதில் கிளிப்புகளைப் பயன்படுத்தி, உள்துணியைத் தோலுடன் ஒரே முறையில் சரியாகத் தையுங்கள். ஒரு கையின் உள்துணித் தையலில் ஜாக்கெட்டைத் திருப்பி எடுக்குமளவு திறப்பு விட்டு, கடைசியில் அதை மூடிவிடுங்கள். தோலுக்கு முன்பே உள்துணி நைந்துபோகும். அதை மாற்றும் நாளில் அதே திறப்பைப் பிரித்து வேலையைத் தொடங்கலாம்.