பனிமூட்டத்தில் தோட்ட வீதி: நடந்து போற ஆட்களைத் தாண்டி வேன் ஓட்டுவது எப்படி?

நோர்வூட்_வேன் (கேள்வி)

அடுத்த மாதம் மலைநாட்டுல, பொகவந்தலாவை, ஹட்டன் தேயிலைத் தோட்டப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டப் போறேன். இதுவரை ஓட்டினதெல்லாம் வத்தளைப் பக்கம், சமதரை. இங்க காலையில பனி இறங்கினா முன்னுக்குப் போற பஸ்ஸே தெரியாது. அந்த நேரத்துலதான் ஆட்கள் பெரட்டுக்கு (காலையில தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம்) போறாங்க, பிள்ளைகளும் நடக்கிறாங்க. நடைபாதைன்னு ஒன்னும் கிடையாது. என்ன வேகத்துல போறது, எந்த லைட் போடுறது, முடக்குல (வளைவுல) ஹோன் அடிக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தலவாக்கலை_பயிற்சி

தம்பி, கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்குள்ள வண்டி நிக்கணும். அதுதான் வேகம். கணக்கைப் பாருங்க. 40 கிலோமீற்றர் வேகத்துல செக்கனுக்கு 11 மீற்றர் போகும். ஆளைக் கண்டு பிரேக்குல கால் வைக்க ஒன்றரை செக்கன்னு வச்சா, அதுக்குள்ளயே 16, 17 மீற்றர் போயிருக்கும். வீதி ஈரம், அதுக்கு மேல இறக்கம்னா நிக்கிறதுக்கு இன்னும் 20 மீற்றர் கிட்ட வேணும். ஆக 36 மீற்றர். அதே இடத்துல 25ல வந்தா 18 மீற்றர்ல நிக்கும்.

பனியில 20 மீற்றர்தான் தெரியுதுன்னா 25 உச்சம். தோட்டத்து ஒத்தை வீதியில எதிர்ல கொழுந்து லொறியும் இதே மாதிரி வந்துக்கிட்டு இருக்கும், அதனால தெரியிற தூரத்துல பாதிக்குள்ள நிக்கணும். அப்போ 15. ஊருக்குள்ள 50 வரை போகலாம்னு சட்டம் சொல்றது நல்ல வெளிச்சத்துல, காய்ஞ்ச வீதியில கூட உச்சம்தான். பனிக்கு அந்த எண்ணைப் பார்க்கவே வேணாம்.

லைட்டை டிப்ல (வெளிச்சம் கீழ விழுற மாதிரி) வைங்க. ஹை பீம் போட்டா வெளிச்சம் பனியில பட்டு உங்க கண்ணுக்கே வெள்ளைச் சுவரா திரும்பி வரும். பார்க் லைட் மட்டும் போட்டா எதிர்ல வாறவருக்கு நீங்க தெரிய மாட்டீங்க. ஓடிக்கிட்டே ஹசார்ட் (ரெண்டு பக்கச் சிக்னலும் ஒன்னா மின்னுறது) போடுற பழக்கம் இங்க நிறைய இருக்கு, தயவுசெய்து வேணாம். நீங்க எந்தப் பக்கம் திரும்பப் போறீங்கன்னு வீதியோரத்துல நிக்கிறவருக்குத் தெரியாமப் போயிடும். கண்ணாடி உள்பக்கம் புகைஞ்சா ஏசியைப் போட்டு காத்தைக் கண்ணாடிக்குத் திருப்புங்க. கையால துடைச்சா எண்ணெய்ப் படலம் ஒட்டி எதிர் லைட்ல இன்னும் மோசமாகும்.

வலது முடக்குல இன்னொரு ஆபத்து. கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கிற தூண் ஒரு ஆளையே மறைச்சிடும். திரும்புறதுக்கு முன்ன உடம்பை முன்னுக்குச் சாய்ச்சு, தூணுக்கு அந்தப் பக்கம் பாருங்க.

மஸ்கெலியா_ரோட்

லைட், வேகம் சரி. நடக்கிறவங்க பக்கத்தையும் சொல்லணும். கொழுந்துச் சாக்கை நெத்தியில மாட்டி வாற அம்மாவுக்குக் கழுத்தைத் திருப்பிப் பின்னால பார்க்க முடியாது. குளிருக்குக் காதை மூடித் துண்டு கட்டியிருப்பாங்க. மழைன்னா குடை வேற. வீதி ஓரத்துல கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) இருக்கும், அதுல புல் மூடியிருந்தா ஆழம் தெரியாது. ஒதுங்கச் சொன்னா எங்க ஒதுங்குவாங்க? ஒதுங்க வேண்டியது வண்டிதான்.

அதனால பின்னால வந்து ஹோனை அழுத்தாதீங்க. பதறினவங்க வீதி நடுவுக்குத்தான் தாவுவாங்க. 30, 40 மீற்றர் தள்ளி ஒரு சின்னத் தட்டு போதும். ஆளுக்கும் சைட் மிரருக்கும் நடுவுல ஒன்றரை மீற்றர் இடம் விட்டுத் தாண்டுங்க. எதிர்ல வண்டி வந்து இடம் இல்லைன்னா, அவங்க நடக்கிற வேகத்துலயே பின்னால போங்க.

மறைவான முடக்குக்கு முன்ன ஒரு தரம் ஹோன் நல்லதுதான். ஆனா அடிச்சாச்சுன்னு வேகத்தைக் குறைக்காமப் போகக் கூடாது. ஹோன் சத்தத்துக்கு லொறி பதில் சொல்லும், நாலு வயசுப் பிள்ளை சொல்லாது. லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வாசல் நேரா வீதிக்குத் திறக்கிற இடங்கள்ல அதை மறக்காதீங்க.

டிசம்பர்லருந்து மே வரை சிவனொளிபாத மலை யாத்திரை சீசன். நல்லதண்ணி வீதியில ராத்திரி முழுக்க ஆட்கள் நடப்பாங்க, முக்கால்வாசிப் பேர் இருட்டு நிறத்துல ஜெர்சி போட்டிருப்பாங்க.

கராஜ்_நானுஓயா

பிரேக்கைப் பத்தி யாரும் எழுதல. எவ்வளவு கவனமா இருந்தாலும் பிரேக் பிடிக்கலைன்னா ஒன்னுமில்ல. ரதல்ல குறுக்கு வீதி மாதிரி இறக்கத்துல, எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அந்தக் கியர்லயே இறங்குங்க. ஓட்டோ கியர்னா எல் (L), ஹைபிரிட்னா பி (B) நிலையில போடுங்க. நியூட்ரல்ல விட்டா எண்ணெய் மிச்சம்னு நினைக்கிறவங்க இருக்காங்க. அப்போ முழுப் பாரமும் பிரேக்குக்கு வந்து, லைனிங் சூடேறிப் பிடிப்பே போயிடும்.

பிரேக் எண்ணெய் காத்திலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டொட் 3 (DOT 3) ரக பிரேக் எண்ணெய் 205 பாகைக்குக் குறையாமத் தாங்கும், ஈரம் ஏறினது 140லயே கொதிக்கலாம். கொதிச்சா லைனுக்குள்ள ஆவி நிரம்பி பெடல் தரை வரைக்கும் போகும். ரெண்டு வருசத்துக்கு ஒரு தரம் மாத்துங்க. எரியிற வாடை வந்தாலோ பெடல் மெத்துன்னு உள்ள போனாலோ, பெடல் பிடிக்கும்போதே ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, டிரம் வெடிப்பு விடும். டயர்ல பட்டன் (தரையில பிடிக்கிற வெட்டுகளோட ஆழம்) 3 மில்லிமீற்றருக்குக் கீழ போனா மழைக்காலத்துக்கு முன்னாலயே மாத்திடுங்க.

நோர்வூட்_வேன்

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. பிள்ளைகளை இறக்கிவிடும்போது எதைக் கவனிக்கணும்?

தலவாக்கலை_பயிற்சி

முடிஞ்ச வரை வீடு இருக்கிற பக்கத்துலயே, முடக்குல இல்லாம நேர் வீதியில நிறுத்துங்க. கடக்க வேண்டிய பிள்ளைன்னா வேனுக்கு முன்னால ஓட விடாதீங்க. பின்னால வந்து முந்துறவருக்கு வேன்தான் தெரியும், பிள்ளை தெரியாது. உதவியாள் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போகணும். நிக்கிற பஸ்ஸை நீங்க தாண்டும்போதும் இதேதான். பஸ்ஸுக்கு அடியில பாருங்க, அந்தப் பக்கம் நிக்கிற சின்னக் கால்கள் அங்கதான் முதல்ல தெரியும்.

அடிபட்டவர் இருந்தா தூக்கி ஆட்டோவுல போடாம 1990க்கு எடுங்க, அம்புலன்ஸ் இலவசம். கழுத்து, முதுகுல அடின்னா அசைக்கிறதே ஆபத்து.

வண்டியை எடுக்க முன்ன உதவியாள் இறங்கி முன் பம்பருக்குக் கீழயும் பின் டயர்ப் பக்கமும் பார்க்கணும். விழுந்த பென்சிலை எடுக்கக் குனிஞ்ச பிள்ளை உங்க சீட்ல இருந்து தெரியவே தெரியாது. அவர் ஏறிக் கதவைச் சாத்தி "போகலாம்"னு சொன்ன பிறகு கியரைப் போடுங்க.