சிரோசிஸ்: அப்பாவுக்குத் திரும்பத் திரும்ப மனக்குழப்பம்

அப்பாவுக்கு வயது 63. குடிப்பழக்கம் இல்லை. பல வருடச் சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படுவது) வரை கொண்டுவந்துவிட்டன. கண்டுபிடித்து 14 மாதம் ஆகிறது.

முதலில் வயிற்றில் நீர் கோத்தது. உப்பைக் குறைத்து, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஸ்பைரோனோலாக்டோன், ஃபுரோசமைடு மாத்திரைகள் கொடுத்ததில் ஓரளவு வடிந்தது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் ரத்தக்குழாய்கள் புடைத்திருந்ததால் அவை வெடித்து ரத்தம் கசியாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள். அதுவரை சமாளித்தோம்.

இப்போது 3 மாதத்தில் 4 முறை குழப்பம் வந்துவிட்டது. இரவெல்லாம் விழிப்பு, பகலில் தூக்கம், கையை நீட்டினால் மணிக்கட்டு படபடவென அடிக்கிறது. போன வாரம் என் பெயரே அவருக்கு வரவில்லை. கல்லீரல் அகற்றாமல் விடும் அம்மோனியா போன்ற நச்சுகள் மூளையைத் தாக்குவதாக மருத்துவர் சொன்னார்.

மலத்தை இளக்கி அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் மருந்து கொடுக்கிறோம், தினம் 2, 3 முறை மலம் இளகிப் போகிறது. குழப்பத்தைத் தூண்டக்கூடியவற்றையும் பார்த்தாயிற்று: ரத்தத்திலும் வயிற்று நீரிலும் தொற்று இல்லை. சோடியம், பொட்டாசியம் சரி. தூக்க மாத்திரை தொடுவதில்லை. நாங்களாகப் புரதத்தைக் குறைத்தோம், அது தப்பு. உடம்பு இளைத்ததுதான் மிச்சம். மருத்துவர் சொல்லி மறுபடி கொடுக்கிறோம். அப்புறம், இந்த வாரம் குடலில் அம்மோனியா உண்டாக்கும் கிருமிகளைக் குறைக்கும் ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்திருக்கிறார்.

இதே நிலையில் ஒருவரைக் கவனித்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்: லாக்டுலோஸுடன் ரிஃபாக்சிமின் சேர்த்த பிறகு குழப்பம் திரும்ப வருவது குறைந்ததா?