குவாண்டம் டாட்: புரூஸ் சமன்பாடு 486 என்கிறது, ஸ்பெக்ட்ரோமீட்டர் 586 என்கிறது

செலினைடு_பையன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்குக் காட்மியம் செலினைடு குவாண்டம் டாட் (அளவைப் பொறுத்து நிறம் மாறும் நானோ குறைக்கடத்தித் துகள்) எடுத்திருக்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் சராசரி விட்டம் 4 நானோமீட்டர். டொலுயீனில் போட்டு உறிஞ்சல் நிறமாலை எடுத்தால் முதல் முகடு 586 நானோமீட்டரில் தெளிவாக நிற்கிறது. ஆனால் பேண்ட் கேப் (பெரிய படிகத்தில் எலக்ட்ரானைக் கிளர்த்தத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 1.74 எலக்ட்ரான்வோல்ட், தனி எலக்ட்ரானின் நிறையை 1 என்று வைத்து எலக்ட்ரான் நிறை 0.13, துளை (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) நிறை 0.45, மின்காப்பு மாறிலி 10.6 என்று, துகளின் ஆரத்திலிருந்து உறிஞ்சும் ஆற்றலைக் கணிக்கும் புரூஸ் சமன்பாட்டில் போட்டால் 2.55 எலக்ட்ரான்வோல்ட் வருகிறது, அதாவது 486 நானோமீட்டர், நீலம். கரைசல் பார்க்கவே ஆரஞ்சு! ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டாயா என்று கேட்டுவிடாதீர்கள், 2 தான் போட்டேன், 4 போட்டால் 649 வந்து அந்தப் பக்கம் தப்பாகிறது.

அப்புறம் உமிழ்வு 586ல் வராமல் 600ல் வருகிறது. அதுவும் போக 700ஐ ஒட்டி தாழ்வாக ஒரு மேடு. வைவாவில் இது மூன்றையும் கேட்பார்கள் என்று தோன்றுகிறது.

முடிவிலிச்சுவர்:
கணக்கு சரி தம்பி, மாதிரிதான் கரடுமுரடு. உங்கள் 2.55ஐப் பிரித்துப் பாருங்கள்: பேண்ட் கேப் 1.74, எலக்ட்ரானும் துளையும் சிறிய துகளுக்குள் அடைபட்டதால் கூடியது 0.93, அவை ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்வதால் கழிந்தது 0.12. கோளாறு அந்த 0.93ல் இருக்கிறது. புரூஸ் சமன்பாடு துகளின் விளிம்பில் முடிவிலி உயரச் சுவர் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது, நிஜத்தில் அலைச்சார்பு (எலக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்று சொல்லும் அலை) கொஞ்சம் வெளியே கசியும், கசிந்தால் அதற்கு இடம் கூடுதல், ஆற்றல் குறையும். இரண்டாவது, 0.13 என்ற நிறை எலக்ட்ரானின் ஆற்றல் பட்டையின் அடிமட்டத்துக்கு அருகில் மட்டும் செல்லும், நீங்கள் கிட்டத்தட்ட ஒரு எலக்ட்ரான்வோல்ட் மேலே ஏறிப்போய் அதே நிறையைப் பயன்படுத்துகிறீர்கள், அங்கே பட்டை பரவளையமாகவே இருக்காது.

துகள் பெரிதானால் இந்தத் தப்பு சுருங்கும். 6 நானோமீட்டர் விட்டத்துக்கு அதே சமன்பாடு 598 தரும், அளந்தால் 627 வாக்கில் வரும். உங்களுக்கு 0.43 எலக்ட்ரான்வோல்ட் வித்தியாசம், அங்கே 0.1 கூட இல்லை.

அதனால் அளவைக் கண்டுபிடிக்க யாரும் புரூஸை நம்புவதில்லை. 2003ல் பெங் குழு வெளியிட்ட அனுபவ வளைகோடு இருக்கிறது, முதல் முகட்டின் அலைநீளத்தைப் போட்டால் விட்டம் கிடைக்கும். 586 போட்டுப் பாருங்கள், 4.0 வரும். புரூஸைக் குறை சொல்லவில்லை, 1980களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மேசை மேல் விட்டுவைத்த காட்மியம் சல்பைடு கரைசலின் ஒளிப்பண்பு மாறியதை வைத்து, துகள் வளர்ந்ததுதான் காரணம் என்று பிடித்த மனிதர் அவர். போக்கு ஏன் அப்படி என்று சொல்லத்தான் சமன்பாடு, மில்லிமீட்டர் ஸ்கேல் மாதிரி பயன்படுத்த அல்ல.

லேப்_அக்கா:
600 பற்றி நான் சொல்கிறேன். உறிஞ்சல் நடப்பது ஒளியோடு வலுவாக இணையும் நிலைகளுக்கு. எக்ஸிட்டானின் (கிளர்ந்த எலக்ட்ரானும் துளையும் சேர்ந்த ஜோடி) மிகத் தாழ்ந்த நிலையோ ஒளி உமிழத் தயங்கும் ‘இருண்ட’ நிலை, எக்ஸிட்டான் முதலில் அங்கே இறங்கிவிடுகிறது. மிகக் குளிர்ந்த நிலையில் உமிழ்வு ஆயுள் மைக்ரோ நொடி வரை நீள்வதற்குக் காரணம் இதுதான், அறை வெப்பத்தில் பத்து இருபது நானோ நொடியில் முடிந்துவிடும். உங்கள் 14 நானோமீட்டர் நகர்வு சுமார் 0.05 எலக்ட்ரான்வோல்ட், இதில் ஒரு பங்கு இந்த நிலைகளால், ஒரு பங்கு துகள்களின் அளவு ஒரே சீராக இல்லாததால்.

ஆனால் ஒன்று, கரைசலை நீர்க்கச் செய்தீர்களா? கெட்டியாக இருந்தால் சின்ன துகள் உமிழ்ந்ததைப் பெரிய துகள் விழுங்கிவிடும், முகடு பொய்யாகச் சிவப்புப் பக்கம் தள்ளிப்போகும். கிளர்த்தும் அலைநீளத்திலும் முதல் முகட்டிலும் உறிஞ்சல் அளவு 0.1க்குக் கீழே வைத்து மறுபடி எடுங்கள்.

700 மேடு விஷயத்தில், எதில் கிளர்த்தினீர்கள்? 350 என்றால் ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசையில் அந்த 350யே 700ல் வந்து உட்காரும், கூர்மையாக இருக்கும். பல பேர் இதை உமிழ்வு என்று ஆய்வேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

செலினைடு_பையன்:
400ல் கிளர்த்தினேன் அக்கா, மேடும் அகலமானது, வடிகட்டி போட்டும் போகவில்லை. நீர்க்கச் செய்து எடுத்ததில் முகடு 598. அதே துகள் மேல் சீனியர் துத்தநாக சல்பைடு ஓடு வளர்த்த சாம்பிள் இருக்கிறது, அதில் மேடு காணவில்லை, வெளிச்சமும் நன்றாகக் கூடியிருக்கிறது, ஆனால் உமிழ்வு 605க்குப் போய்விட்டது. உள்துகள் அதேதானே, ஏன் நகர்ந்தது?

லேப்_அக்கா:
அப்படியானால் அது மேற்பரப்புப் பொறி. பிணைப்பு முழுமையாகாத அணுக்களில் எலக்ட்ரானோ துளையோ மாட்டிக்கொண்டு மங்கலான சிவப்பில் உமிழ்கிறது. ஓடு போட்டதும் அந்த இடங்கள் மூடப்பட்டுவிட்டன. 1996லேயே ஹைன்ஸ், கியோ-சியோனெஸ்ட் இருவரும் இந்த ஓட்டை வைத்துத்தான் அறை வெப்பத்தில் 50 சதவீத ஒளித்திறன் (உறிஞ்சிய ஒளித்துகள்களில் திரும்ப உமிழப்படும் பங்கு) காட்டினார்கள்.

முடிவிலிச்சுவர்:
நகர்ந்ததற்கு விடை நான் மேலே சொன்ன கசிவுதான். வெளியே கரிம மூலக்கூறு இருந்தபோது சுவர் உயரம், துத்தநாக சல்பைடு வந்ததும் கொஞ்சம் தாழ்ந்தது, அலைச்சார்பு ஓட்டுக்குள் சற்று எட்டிப்பார்க்கிறது. ஓடு காட்மியம் சல்பைடாக இருந்தால் எலக்ட்ரானுக்குத் தடையே குறைவு, நகர்வு இன்னும் பெரிதாக இருக்கும். சுவர் நிஜமாகவே முடிவிலியாக இருந்தால் எந்த ஓடு போட்டாலும் 598 அசையக்கூடாது. வைவாவில் புரூஸ் ஏன் தோற்றது என்று கேட்டால் இரண்டு உமிழ்வு நிறமாலையையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டுங்கள், ஓட்டோடு உள்ளதற்கும் உறிஞ்சல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முகடு அங்கேயும் நகர்ந்ததா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்.