காது கேட்குது, வகுப்புல சொல்றது மட்டும் பிடிபடல: அமெரிக்காவுல எந்த கோட், எந்த ரிப்போர்ட்?

கேள்வி: அக்கா, கோயம்புத்தூர்ல இருந்து டல்லாஸ் பக்கம் வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது. பையனுக்கு 8 வயசு. சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான், கூட்டத்துல பேசினா எதுவும் புரியலங்கிறான்னு டீச்சர் சொல்றாங்க. காது டெஸ்ட் எடுத்தோம், நார்மல். காது கேட்டாலும் மூளை ஒலியைச் சரியா கையாளாத ஆடிட்டரி ப்ராசஸிங் டிஸார்டரா இருக்கலாம்னு டாக்டர், கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட்கிட்ட அனுப்புறார். இன்ஷூரன்ஸ் ஒத்துக்குமா? ஸ்கூல்ல என்ன கேட்கணும்?

பதில்: வணக்கம்மா. நான் இங்க மெடிக்கல் பில்லிங்ல இருக்கேன், அந்தப் பக்கத்துல இருந்தே சொல்றேன். உங்க பையனுக்குக் கிடைக்கப்போற உதவியில பாதி, ஆடியாலஜிஸ்ட் எழுதுற ரிப்போர்ட்லதான் இருக்கு. அதனால அப்பாயின்ட்மென்டுக்கு முன்னாடியே சில விஷயம் தெரிஞ்சு வச்சுக்குங்க.

முதல்ல ரெஃபரல், அதாவது டாக்டர் எழுதி அனுப்புற சீட்டு. நோய்களுக்கு நம்பர் கொடுக்கிற ஐசிடி-10 பட்டியல்ல இந்தக் குறைக்கான கோட் எச்93.25. ஆனா டாக்டர் இப்போதைக்குச் சந்தேகம்தான் படுறார். வெளிநோயாளி கோடிங்ல "இருக்கலாம்", "இருக்கான்னு பார்க்கணும்" என்கிற நிலையில இருக்கிற நோயை உறுதியான நோயா போடக்கூடாது, அறிகுறியைத்தான் போடணும். அதனால சோதனைக்கு முன்னாடி வர்ற ரெஃபரல்ல எச்93.293 மாதிரி, "ரெண்டு காதுலயும் கேட்டுணர்றதுல வேறு குறை" என்கிற கோட் வர்றதுதான் முறை. சோதனையில உறுதியான பிறகுதான் எச்93.25. ஊர்ல, சென்னையிலயோ திருச்சியிலயோ, மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிற சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க. இந்த விதி அவங்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

இன்னொரு இடத்துலயும் க்ளெய்ம் சிக்கும். ஸ்பீச் தெரபிஸ்ட் தனியா பார்த்துட்டு, மொழியைப் புரிஞ்சுக்கிறதுலயும் பேசுறதுலயும் குறைன்னு எஃப்80.2 போடுவாங்க. அதுவும் எச்93.25-ம் ஒண்ணையொண்ணு விலக்குற கோட். ரெண்டையும் ஒரே க்ளெய்ம்ல சேர்த்துப் போட்டா திரும்பி வர வாய்ப்பு அதிகம். ரெண்டு பேர்கிட்டயும் போறீங்கன்னா, ஒருத்தர் ரிப்போர்ட்டை இன்னொருத்தர் கையில கொடுத்துடுங்க.

நோய்க்கு ஐசிடி மாதிரி, செய்யுற சோதனைக்கும் சிகிச்சைக்கும் சிபிடி கோட். இந்தச் சோதனைக்கு அது 92620. இது முதல் 60 நிமிஷத்துக்கு, எழுத்து ரிப்போர்ட்டும் சேர்த்து. அதுக்கு மேல ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் 92621. நேரக் கணக்குல பில் ஆகுறதால, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு பதிவுல இருக்கணும். இன்ஷூரன்ஸுக்கு போன் பண்ணும்போது "இந்த டெஸ்ட் கவர் ஆகுமா"ன்னு பொதுவா கேட்காதீங்க. சிபிடி, ஐசிடி ரெண்டு நம்பரையும் சேர்த்துச் சொல்லி, முன் அனுமதி வேணுமான்னு கேளுங்க. அந்தக் காலுக்கான ரெஃபரன்ஸ் நம்பரைக் கேட்டு எழுதி வச்சுக்குங்க.

இனி சொல்லப்போறது நம்ம பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியம். இந்தச் சோதனைகள்ல பல, பதிவு செஞ்ச அமெரிக்க ஆங்கிலச் சொற்களைக் காதுல போட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்றவை. ஒரு காதுல ஒரு சொல், மறு காதுல வேற சொல், பின்னாடி இரைச்சல். வீட்டுல தமிழே பேசி வளர்ந்து இப்பதான் வந்த பிள்ளைக்கு அதுல மார்க் குறைஞ்சா, காரணம் மூளை ஒலியைக் கையாள்ற விதமா, பழகாத உச்சரிப்பான்னு அந்த மார்க்கை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. அதனால பையன் எந்த வயசுல இருந்து என்ன மொழி கேட்டு வளர்ந்தான்னு ரிப்போர்ட்ல எழுதச் சொல்லுங்க. மொழியை அதிகம் சாராத சோதனைகளும் இருக்கு: ஒலி உயர்ந்ததா தாழ்ந்ததான்னு வரிசை சொல்றது, இரைச்சலுக்கு நடுவுல வர்ற சின்ன இடைவெளியைக் கண்டுபிடிக்கிறது. அதையும் சேர்த்துச் செய்வீங்களான்னு கூச்சப்படாம கேளுங்க.

இதோட மறுபக்கம்தான் எனக்கு இன்னும் கவலை. "இங்கிலீஷ் புதுசு, போகப் போகச் சரியாகிடும்"னு ஸ்கூல் தள்ளிப்போட்டுட்டே இருக்கும், பிள்ளையோட வருஷம் ஓடிடும். அதுக்குப் பதில் உங்ககிட்டயே இருக்கு. தமிழ்ல எப்படி? டிவி ஓடும்போது பாட்டி சொன்னது புரியுதா? கல்யாண மண்டபத்துல கூப்பிட்டா திரும்புவானா? "மாடிக்குப் போய்த் துண்டு எடுத்துட்டு வா, வரும்போது ஃபேனை அணைச்சுடு"ன்னா பாதியிலயே நின்னுடுவானா? ஊர்ல இருந்தப்பவே, தமிழ்லயே இந்தக் கஷ்டம் இருந்திருந்தா, புது மொழி மட்டுமே காரணமா இருக்க முடியாது. இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி ஆடியாலஜிஸ்ட்கிட்ட கொடுங்க. அடிக்கடி காதுல சீழ் வந்தது, பிறந்தப்ப இன்குபேட்டர்ல இருந்தது, ஊர் ஸ்கூல் டீச்சர் எழுதின குறிப்பு, எல்லாம் சேருங்க. 8 வயசுன்னா சோதனைக்குச் சரியான வயசுதான். 7-க்குக் கீழ பெரும்பாலும் உறுதியா முடிவு சொல்ல மாட்டாங்க.

ஸ்கூல் வேற சட்டம். அங்க ஐசிடி கோடை வச்சு எதுவும் தானா கிடைக்காது. ஐடியா என்கிற சிறப்புக் கல்விச் சட்டத்துல 13 வகை குறைபாடு இருக்கு, ஆடிட்டரி ப்ராசஸிங் அதுல தனி வகையா இல்ல. கற்றல் குறைபாடு, பேச்சு-மொழிக் குறைபாடுன்னு ஏதாவது ஒண்ணுக்குள்ளதான் வரணும். அதுல வரலைன்னா, வகுப்புல தேவையான வசதி செஞ்சு தர்ற 504 திட்டம் கேட்கலாம், அது 1973-ம் வருஷச் சட்டத்துல வர்றது. மதிப்பீடு வேணும்னு வாயால சொல்லாம, தேதி போட்டு எழுத்துல கேளுங்க. நீங்க சம்மதக் கையெழுத்து போட்டதுல இருந்து 60 நாள்ல முடிக்கணும்னு மத்திய விதி. மாநிலம் தனிக் கெடு வச்சிருந்தா அதுதான் கணக்கு. பிள்ளைக்குன்னு தனிக் கல்வித் திட்டம் போடுற ஐஇபி மீட்டிங்ல இங்கிலீஷ்ல பேசத் தயக்கமா இருந்தா மொழிபெயர்ப்பாளர் கேளுங்க, ஏற்பாடு பண்றது ஸ்கூல் பொறுப்பு.

அதனால ஆடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்ல கோட் மட்டும் இருந்தா பத்தாது. "இரைச்சல்ல பேச்சைப் பிரிச்சுக் கேட்கிற சோதனையில இவ்வளவு குறைவு, அதனால டீச்சர் மைக்ல பேசி பிள்ளை காதுக்கு நேரா வர்ற ரிமோட் மைக்ரோஃபோன் தேவை"ன்னு, சோதனை முடிவும் வகுப்புத் தேவையும் கோர்த்து எழுதியிருக்கணும். அப்படி எழுதினாத்தான் ஸ்கூல்காரங்க எடுத்துப் பேச முடியும்.

க்ளெய்ம் மறுத்தா பதறாதீங்க, கடிதத்துல காரணத்தைப் படிங்க. கோட் தப்புன்னா அப்பீல் வேண்டாம், கிளினிக்கே திருத்தின க்ளெய்ம் அனுப்பணும். "மருத்துவத் தேவை இல்ல", "இது கல்வி சம்பந்தப்பட்டது"ன்னா அப்பீல்தான். 180 நாள் டைம் இருக்கும். ஆடியாலஜிஸ்ட் கடிதத்தோட போடுங்க. மருத்துவத் தேவை இல்லன்னு அங்கயும் மறுத்தா, 4 மாசத்துக்குள்ள, இன்ஷூரன்ஸைச் சாராத வெளியாள் பார்க்கிற வெளி ஆய்வு கேட்கலாம். ஆபீஸ் இன்ஷூரன்ஸ்னா, மருத்துவச் செலவையே கம்பெனி தன் பணத்துல இருந்து கட்டுற பிளானான்னு ஹெச்ஆர்ல விசாரிச்சு வைங்க. அப்படி இருந்தா மாநில விதிகள் பலது பொருந்தாது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பேரு, பிறந்த தேதி, மொழி வரலாறு, பரிந்துரை நாலையும் பார்த்துட்டு ஸ்கூலுக்குக் கொடுங்க. ஏதாவது விட்டுப்போயிருந்தா சேர்த்துத் தரச் சொல்லி எழுத்துலயே கேளுங்க. மறுப்புக் கடிதம் வந்தா பேரு, நம்பரை மறைச்சுட்டு இங்க போடுங்கம்மா, பார்த்துச் சொல்றேன்.