பேஜ்மேக்கர், கேனான் 2900, டாட் மேட்ரிக்ஸ்: புது சிஸ்டத்தில் இதெல்லாம் ஓடுமா?

அருப்புக்கோட்டை டிடிபி:

வணக்கம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் அடிக்கிற சின்ன அச்சகம் எங்களுடையது. டிசைன் வேலை முழுக்க என் கையில். இப்போதுள்ள சிஸ்டம் கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7, 32 பிட். அதில் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, பாமினி மாதிரி பழைய தமிழ் எழுத்துருக்கள் ஏகப்பட்டது. ட்ரேசிங் பேப்பரில் எடுக்க கேனான் எல்பிபி 2900. பில் போட ஒரு டாட் மேட்ரிக்ஸ், அந்த அகலமான பேரலல் கேபிள் உள்ளது. மானிட்டர் விஜிஏ.

இப்போதெல்லாம் ஒரு பக்கம் பிரின்ட் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். தை மாதக் கல்யாண ஆர்டர் குவிவதற்குள் மாற்றியாக வேண்டும். மதுரைக் கடையில் கொடுத்த கொட்டேஷன்: ரைசன் 5 5600, பி450 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கேபினெட், எஸ்எம்பிஎஸ், விண்டோஸ் 11. அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். உள்ளூரில் ஒருவர் ஐ5 ஆறாவது ஜெனரேஷன் செகண்ட் ஹேண்ட் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். என் கொழுந்தனோ ஸ்னாப்டிராகன் லேப்டாப் வாங்குங்க அண்ணி, நாள் முழுக்க சார்ஜ் நிற்கும் என்கிறார். எனக்கு சார்ஜ் நிற்க வேண்டாம், பத்திரிகை அடிக்க வேண்டும். எதை வாங்கலாம்?

கோவை நெட்:

ஆறாவது ஜெனரேஷனை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாவது ஜெனரேஷனிலிருந்துதான் அனுமதி. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுப்பார்கள். வீட்டில் படம் பார்க்க அது போதும், கடைக்கு வேண்டாம்.

பழைய மதர்போர்டு:

அக்கா, முதலில் அந்தக் கொட்டேஷனைப் பார்ப்போம். ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டும் அதில் எழுதவில்லை. அப்படியே வாங்கிக்கொண்டு போனால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டர் கருப்பாகவே இருக்கும். 5600ஜி என்று கேளுங்கள், அந்த ஒரு எழுத்தில்தான் விஷயம். இன்டெல்லில் இதற்கு நேர் எதிர், கடைசியில் எஃப் இருந்தால் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். இன்னொன்று, பி450 போர்டு 5000 சீரிஸுக்கு முன்னால் வந்தது. பயாஸ், அதாவது போர்டிலேயே இருக்கிற ஆரம்ப மென்பொருள், அப்டேட் செய்யாத பழைய ஸ்டாக் என்றால் இந்த சிபியுவை அடையாளமே தெரியாது. கடையிலேயே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து உங்கள் சாமான்கள். புரோகிராம் வேறு, பிரிண்டர் மாதிரி சாமானை விண்டோஸோடு பேச வைக்கிற டிரைவர் வேறு. பேஜ்மேக்கர் 32 பிட் புரோகிராம், 64 பிட் விண்டோஸ் அந்த ரகத்தை ஓட்டிவிடும். ஆனால் டிரைவர் விண்டோஸோடு பொருந்தியே ஆக வேண்டும்; 32 பிட் டிரைவர் 64 பிட்டில் ஏறாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. எல்பிபி 2900-க்கு 64 பிட் டிரைவர் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

ஸ்னாப்டிராகன் உங்களுக்கு ஒத்துவராதது இந்த இடத்தில்தான். அது ஆர்ம் சிப், இன்டெல், ஏஎம்டி-யிலிருந்து வேறு ரகம். சாதாரண புரோகிராம்களை மொழிபெயர்த்து ஓட்டிவிடும், டிரைவரை அப்படி ஓட்ட முடியாது. அதற்கென்றே எழுதின டிரைவர் வேண்டும். உங்கள் 2900-க்கோ சொந்த மூளை கிடையாது. பக்கத்தைப் புள்ளி புள்ளியாகத் தயார் செய்து அனுப்புவது கம்ப்யூட்டரில் இருக்கிற டிரைவர்தான். அது இல்லையென்றால் வெறும் பெட்டி. கொழுந்தனிடம் இதைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

டாட் மேட்ரிக்ஸுக்கு யுஎஸ்பி-யிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் கிடைக்கும், பிரிண்டருக்குப் பெரும்பாலும் ஒத்துழைக்கும். பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் (மென்பொருளைத் திறக்கிற சாவி மாதிரி சின்ன கருவி) ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள், அதற்கு அந்தக் கேபிள் உதவாது. மானிட்டருக்கு போர்டின் பின்பக்கம் விஜிஏ இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஒரு எச்டிஎம்ஐ கன்வெர்டர்.

இனி பேஜ்மேக்கர். 7-வது பதிப்பு வந்தது 2001-இல், 2004-இல் அடோபி அதைக் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11-இல் ஓடும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அதனால் சிடியில் இருப்பதைப் பென் டிரைவில் போட்டு, எழுத்துருக்களோடு உங்கள் பழைய பத்திரிகை ஃபைல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 11 சிஸ்டத்தில் ஏற்றிப் பாருங்கள். திறந்தால் மட்டும் போதாது. 'ஸ்ரீ', 'க்ஷ' சரியாக வருகிறதா, பிடிஎஃப் ஆக்கினால் எழுத்து இடம் மாறுகிறதா பாருங்கள். டெமோவுக்குச் சம்மதிக்காத கடையில் நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

அது தகராறு செய்தால் இன்னொரு வழி உண்டு. டிஸ்க்2விஎச்டி என்று மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. பழைய டிஸ்க்கை அப்படியே ஒரு ஃபைலாக்கி, புது சிஸ்டத்தில் வர்ச்சுவல்பாக்ஸ் என்கிற, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுகிற புரோகிராமுக்குள் உங்கள் விண்டோஸ் 7-ஐயே ஓட்டலாம். முதல் தடவை கொஞ்சம் மல்லுக்கட்டும். பயாஸில் இதற்கான எஸ்விஎம் என்கிற செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும். அந்த விண்டோஸ் 7-க்கு நெட் கொடுக்காதீர்கள். இதற்காகவாவது 8 ஜிபியை 16 ஆக்குங்கள்.

அருப்புக்கோட்டை டிடிபி:

ரொம்ப நன்றி தம்பி. கடைக்கு போன் செய்து கிராபிக்ஸ் எங்கே என்று கேட்டேன். "அது தனியா வரும் மேடம்" என்றார்கள். கொட்டேஷனில் ஏன் இல்லை என்றால் பதில் இல்லை. 5600ஜி, 16 ஜிபி என்று திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பென் டிரைவோடு போகிறேன். டாங்கிள் எதுவும் இல்லை. பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள், கொடுக்கலாமா?

பழைய மதர்போர்டு:

இப்போது வேண்டாம் அக்கா. தை, மாசி ஆர்டர் முடியட்டும். அதற்குள் எந்த எழுத்துரு விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் ஒரு காப்பி எடுங்கள். அப்புறம் பெட்டியைக் கொடுத்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். அதற்காக அவர்கள் குறைக்கப்போவது நூறோ இருநூறோதான்.